சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்ன நாள்

எங்கள் தெருவில் என்னைப் பற்றி, "அந்தம்மா முகாமுக்குப் போயிச் சேவை பண்றாங்க" என்று சொல்லிக்கொள்வார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். நான் செய்ததற்குப் பெயர் சேவை அல்ல. மனு எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதிலும் ஒரு கடிதத்தை எழுதாமல் இருந்திருக்க வேண்டும். ஒரு பெண்ணை ஒரு மத்தியானம் சாப்பிடச் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். இரண்டையும் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிங்காநல்லூரில் ஒரு நூல் மில்லின் ஆபீசில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். விடுப்புப் படிவம், விபத்துப் படிவம், வைப்புநிதிப் படிவம் எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும், எந்தக் கட்டத்தில் கோடு போட்டுவிட்டு நகர வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. மில்லை இழுத்து மூடிய பிறகு வீட்டில் உட்கார்ந்து மருமகளின் சமையலில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபமும் சட்டென்று வரும். என் வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "எங்காச்சும் நாலு எடத்துக்குப் போயிட்டு வா அம்மணி, ஊடு கொஞ்சம் நிம்மதியா இருக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் தெருப் பெண்கள் சேர்ந்து முகாமுக்குப் போர்வை கொடுக்கக் கிளம்பினார்கள். எங்கள் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் முகாம்கள் சில இருக்கின்றன. இது எந்த முகாம் என்று சொல்லப்போவதில்லை, அங்கிருப்பவர்களுக்கு என்னால் வந்த தொந்தரவு போதும். சிங்காநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அன்றைக்கு ஒரு போர்வைக்கு ஒரு போட்டோ என்று எடுத்தார்கள். கொடுக்கிறவர் சிரிக்க வேண்டும், வாங்குகிறவர் போர்வையை நெஞ்சுக்கு நேரே பிடிக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனாலும் நானும் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். என்னிடம் போர்வை வாங்கிய பெண் மட்டும் போட்டோவைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "அக்கா, உங்களுக்கு இங்கிலீசு ஃபாரம் நிரப்பத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

தெரியும் என்றேன். அடுத்த வாரமே தனியாகப் போனேன்.

அவளுக்கு என்னைவிட மூன்று வயது குறைவு. பத்தொன்பது வயதில் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் வந்தவள். அன்றைக்குத் தம்பிக்குக் காய்ச்சல். படகில் அவனை ஏற்ற முடியாது என்று அம்மா அவனோடு கரையில் நின்றுவிட்டார். காய்ச்சல் விட்டதும் அடுத்த படகில் வருவதாகப் பேச்சு. அடுத்த படகு வரவில்லை. தம்பி பிறகு என்ன ஆனான் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அவள் இங்கே முகாமிலேயே கல்யாணம் செய்து, ஒரு மகளைப் பெற்று, பெயிண்ட் வேலைக்குப் போன புருஷனை மஞ்சள் காமாலைக்குக் கொடுத்துவிட்டு, மகளையும் அதே முகாமில் கட்டிக்கொடுத்திருந்தாள். இவ்வளவும் நடந்து முடிய முப்பத்துச் சொச்சம் வருடம். இத்தனை வருடத்தில் அம்மாவைத் திரையில்தான் பார்த்திருக்கிறாள்.

அவள் நிரப்பக் கேட்டது திரும்பிப் போவதற்கான படிவம்.

எண்பதைத் தாண்டிய அம்மா அங்கே ஒரு தூரத்துச் சொந்தக்காரப் பெண்ணோடு இருக்கிறார், கண் மங்கிக்கொண்டு வருகிறது, பார்வை இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான். போனால் திரும்பி வருவது சுலபமில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். முகாம் பதிவேட்டில் பெயரை எடுத்துவிட்டால் எடுத்ததுதான். மகள் அதற்காக அவளோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாள். "பெத்த பிள்ளைய விட்டுட்டுப் பெத்தவளட்டப் போறன். எந்தப் பக்கம் போனாலும் ஒராள் என்னைத் திட்டத்தான் செய்யும் அக்கா" என்றாள். அழவில்லை. அரிசி களைந்துகொண்டே சொன்னாள்.

நான் வேலையை ஆரம்பித்தேன். மன்னாரிலிருந்து பிறப்புச் சான்றின் நகல் வர ஏழு மாதம். சென்னைக்குப் போய் அவர்கள் நாட்டுத் தூதரகத்தில் பயணத்தாள் வாங்க மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் முகாமை விட்டு வெளியே தங்க அனுமதி மனு. பிறகு இங்கிருந்து வெளியேற அனுமதி கேட்டு ஒரு பெரிய மனு. பதினான்கு மாதத்தில் ஒரு தடித்த கோப்பு சேர்ந்தது. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. மில் மூடிய பிறகு முதல் தடவையாக ஒரு காரியம் என் கையில் இருந்தது.

அப்படி ஒருநாள் முகாமில் உட்கார்ந்திருந்தபோது அவள் அம்மாவோடு வீடியோவில் பேசவைத்தாள். அந்தப் பக்கம் போனைப் பிடித்திருந்தவருக்குப் பிடிக்கத் தெரியவில்லை, பாதி நேரம் கூரைத் தகரம்தான் தெரிந்தது. பிறகு ஒரு நெற்றியும் இரண்டு கண்ணும் வந்தன.

"பிள்ளை, நீங்களோ என்ர மகளை அனுப்பி வைக்கிறது?"

"ஆமாங்கம்மா, நான்தானுங்க."

"எனக்குக் கண் இருட்டுது. அதுக்கு முன்னம் அனுப்பி விடுங்கோ."

"ஆவணி தாண்டாதுங்கம்மா. ஆவணிக்குள்ள உங்க மக உங்க ஊட்ல இருப்பாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

யார் என்னைப் பொறுப்பேற்கச் சொன்னது? வாய் நீளம் என்று முன்பே சொன்னேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்ன மாதத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

கோப்பில் கடைசியாக ஒரே ஒரு காகிதம் பாக்கி. அவள் மீது இங்கே வழக்கு எதுவும் இல்லை என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம், அதற்கு நோட்டரி வக்கீலின் கையெழுத்து. எனக்குத் தெரிந்த வக்கீல் எங்கள் வீட்டுக்கு நாலு கட்டிடம் தள்ளி இருந்தார். வைகாசியில் ஒரு வியாழக்கிழமை காலையில்தான் அவருக்கு நேரம் இருந்தது. அந்த வியாழன் எங்கள் வீட்டில் மருமகளுக்குக் கட்டுச்சோறு. ஏழாம் மாதம் பெண்ணைப் பெற்றவர்கள் பலவகைச் சோறு கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கு வந்து, பெண்ணுக்கு வளையல் போட்டு, விருந்து முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்குக் கூட்டிப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். நான் வீட்டை விட்டு நகர முடியாது. அதனால் அவளை எங்கள் வீட்டுக்கே வரச் சொன்னேன். என் வசதிக்காகத்தான் சொன்னேன். அதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது?

காலை பத்து மணிக்கு வந்தாள். இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டியிருந்தாள். அரை மணி நேரத்தில் வக்கீல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திவிட்டார். திரும்பி வந்தபோது வாசலில் சம்பந்தி வீட்டுக் கார்கள் வரிசையாக நின்றன. கூடத்தில் எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச் சோறு என்று தூக்குப்போசிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் கெளம்பறனுங்க அக்கா" என்றாள். முகாமுக்கு வெளியே, நாலு பேர் இருக்கும் இடத்தில், அவள் எங்களைப் போலவே பேசுவாள். அக்கம்பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பழகிக்கொண்டது.

"அதெப்படிங்க போவீங்க? விசேச ஊட்டுக்கு வந்துபோட்டு வெறும் வயித்தோட போறதா? எலையில உக்காந்துட்டுத்தான் போகோணும்."

"வேண்டாமுங்க அக்கா. இன்னொரு நாளைக்கு வாரேன்."

எங்கள் பக்கத்தில் வேண்டாம் என்பதற்கு வேண்டாம் என்று யாரும் பொருள் எடுப்பதில்லை. வந்தவர் மூன்று தடவை மறுக்க வேண்டும், வீட்டுக்காரர் நான்கு தடவை வற்புறுத்த வேண்டும், அதுதான் இரண்டு பக்கத்துக்கும் மரியாதை. முதல் தடவையே சரி என்று உட்காருகிறவரைப் பின்னால் பேசுவோம். முதல் தடவையே சரி என்று அனுப்பிவைக்கிற வீட்டை அதைவிட மோசமாகப் பேசுவோம். அவள் மறுத்ததும் எனக்குப் பழக்கப்பட்ட கணக்குத்தான் ஓடியது. கூடவே இன்னொன்றும் ஓடியது. அவள் புருஷனை இழந்தவள். வளையல் போடும் வீட்டில் இருக்கக் கூச்சப்படுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எனக்குள் ஒரு பெரிய மனுஷி எழுந்து நின்றாள்.

"ஏனுங்க, எங்க ஊட்ல அதெல்லாம் பாக்கறதில்லீங்க. நீங்களும் எம் மருமகளுக்கு ஒரு வளையல் போட்டுட்டு, சாப்புட்டுத்தான் போகோணும்" என்று சம்பந்திகளின் காதில் விழும்படி உரக்கச் சொன்னேன்.

அவள் என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், தன் பேச்சில், தணிந்த குரலில் சொன்னாள். "அதுக்கில்லை அக்கா. இண்டைக்கு செக்கிங் எண்டு காலமை கதைச்சவை. நான் நிக்க வேணும்."

செக்கிங் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? மாதத்தில் இரண்டு தடவை அதிகாரி வந்து பதிவேட்டை விரித்து, குடும்பத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் நேரில் நிற்கிறார்களா என்று பார்ப்பார். இன்ன நாள் என்று உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். நிற்காதவர் பெயருக்கு நேரே கோடு விழும். எல்லாம் தெரியும். பதினான்கு மாதத்தில் நாலைந்து செக்கிங்கை நானே பார்த்திருக்கிறேன். மத்தியானம் என்பார்கள், சாயங்காலம் வருவார்கள். இன்றைக்கு என்பார்கள், மறுநாள் வருவார்கள்.

"அவங்க என்னைக்குங்க சொன்ன நேரத்துக்கு வந்திருக்காங்க? சாப்புட்டதும் கார்ல கொண்டுபோயி உடச் சொல்றேன். அரை மணி நேரத்துல போயிரலாம்" என்றேன்.

சொன்னதோடு நிற்கவில்லை. அவள் தோளில் இருந்த பையை உருவி, உள்ளே கொண்டுபோய் என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கிளம்புகிறேன் என்று நிற்கும் விருந்தாளியின் பையையோ செருப்பையோ ஒளித்துவைப்பது எங்கள் பக்கத்தில் பாசமான விளையாட்டு. என் அத்தைகள் செய்வார்கள், நானும் செய்வேன். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். முப்பது வருடமாக அடுத்தவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ளப் பழகியவள், தன் பையைத் திருப்பிக் கொடு என்று இத்தனை பேருக்கு நடுவில் எப்படிக் கேட்பாள்?

விருந்து ஒரு மணிக்கு ஆரம்பித்தது. சம்பந்தியம்மாள் கையாலேயே அவளுக்குப் பரிமாறச் செய்தேன். அவள் குனிந்த தலை நிமிராமல், வேகவேகமாகச் சாப்பிட்டாள். பசி என்று நினைத்து இன்னொரு கரண்டி வைக்கச் சொன்னேன். சாப்பிட்டு எழுந்தபோது கார் இல்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பிய சம்பந்தி வீட்டார் கூட்டம் அதிகமாகி, எங்கள் காரும் அவர்களோடு போயிருந்தது. என் வீட்டுக்காரர் எங்கோ வைத்துவிட்ட பீரோச் சாவியைத் தேட இன்னும் கால் மணி நேரம். மூன்று மணிக்குமேல் அவளை நானே பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சன்னலோரம் உட்கார்ந்து, "போயிட்டு வாரேனுங்க அக்கா, சாப்பாடு நல்லா இருந்துச்சுங்க" என்றாள்.

அதிகாரி அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தார். இரண்டு மணிக்கு முகாமில் ஆள்கணக்கு எடுத்தார்கள். அவள் போய்ச் சேர்ந்தது ஐந்தரைக்கு. அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

மறுநாள் காலையில் அவள் மகள்தான் எனக்குப் போன் செய்தாள். எனக்கு முதலில் வந்தது கோபம். அந்த அதிகாரி மேல், விதி மேல், சாவியைத் தொலைத்த என் வீட்டுக்காரர் மேல். என் மேல் வரவே இல்லை. "இதெல்லாம் ஒரு காரியமுங்களா? நான் போயிப் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். இன்ன தேதியில், இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை, மேற்படி பெண் சிங்காநல்லூரில் என் வீட்டில் இருந்தார், என் வற்புறுத்தலின் பேரில் விருந்தில் கலந்துகொண்டார், தவறு முழுவதும் என்னுடையது. தேதி, கையெழுத்து, முகவரி எல்லாம் சுத்தமாக. மில்லில் இப்படி எழுதினால் மேனேஜர் படித்துவிட்டு ஒரு கீறல் கீறி அனுப்பிவிடுவார்.

கடிதத்தோடு, முகாம் பதிவேட்டை வைத்திருக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தது என் மகன் வயது இருக்கும் ஒரு பெண். தன்மையானவள். என் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்கம்மா, இதை எதுக்குங்க எழுதிக்கொண்டாந்தீங்க?"

"உண்மை அதுதானுங்களே."

"அந்தக்கா வந்து, பஸ் கெடைக்கலீங்கன்னு வாயில ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அடுத்த செக்கிங்ல ஆளைப் பாத்துப்போட்டுக் கோட்டை அடிச்சு உட்டிருப்போமுங்க. இப்ப எழுத்துல வந்திருச்சு. அனுமதியில்லாம வெளியில இருந்தாங்கன்னு உங்க கையாலயே சாட்சி குடுத்திருக்கீங்க. இதுக்கு மேல விசாரணை போடாம என்னால இருக்க முடியாதுங்க."

"அப்படீன்னா நான் கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கறனுங்க."

"உள்ள நுழையும்போதே முன்னாடி சீல் போட்டுட்டாங்களேங்கம்மா."

நான் எழுதிய தாளின் வலது மூலையில் ஊதா நிறத்தில் வரவு முத்திரை இருந்தது. இருபத்தாறு வருடம் அந்த மாதிரி முத்திரையை நானே குத்தியிருக்கிறேன். குத்திய காகிதம் திரும்பாது என்று எத்தனை பேரிடம் அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன்!

விசாரணை முடியும்வரை அவள் பெயர் பதிவேட்டில் நிறுத்திவைக்கப்பட்டது. பெயர் நிறுத்தத்தில் இருந்தால், கோப்போடு அலுவலகம் வைத்து அனுப்ப வேண்டிய, முகாமில் தொடர்ந்து வசிக்கிறார் என்ற சான்று கிடைக்காது. சான்று இல்லாத கோப்பு மேலே போகாது. வெளியேறும் அனுமதிக்கான அந்தத் தடித்த கோப்பு, பதினான்கு மாத வேலை, கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தது.

அதன் பிறகு நான் போகாத வாரமில்லை. ஒருவர்கூட என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "உக்காருங்கம்மா", "தண்ணி குடிங்கம்மா", "பாக்கலாமுங்க", "அடுத்த வாரம் ஒரு எட்டு வந்து பாருங்க". ஒரு ஆளாவது என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஆடி போனது, ஆவணி போனது. ஆவணி கடைசியில் அவள் அம்மா வீடியோவில் என்னைக் கேட்டார். நான் முகாமில்தான் இருந்தேன். வெளியில் இருக்கிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றேன். அம்மாவின் குரல் கேட்டது. "அந்தப் பிள்ளை ஏதோ மாதம் சொன்னது, மறந்துபோனன். என்ன மாதம் சொன்னது?"

"வரப்போற மாதம்தான் அம்மா" என்றாள் அவள்.

அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே, "எம் மேல கோவமே இல்லீங்களா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"கோவம் இருக்குது அக்கா" என்றாள். "ஆனா உங்களோட கோவிச்சா, பிறகு ஆரட்டப் போய் மனு எழுதுறது?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பதினெட்டு மாதமாக அவளும் நானும் பழகியது சிநேகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில், நல்ல மழை நாளில், அம்மா போய்விட்டார். மகள் போன் செய்ததும் போனேன். முகாமில் பத்துப் பதினைந்து பேர் அவள் வீட்டு முன்னறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அரிசி டின்மேல் ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில்தான் சாவு வீடு தெரிந்தது. அங்கேயும் மழை. அங்கே அழுகிற சத்தம் இங்கே சற்றுத் தாமதமாக வந்தது. அவள் திரைக்கு முன்னால் குந்தியிருந்து, "முகம் பாத்தது போதும். காலைக் காட்டச் சொல்லுங்கோ, காலை" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் இருந்தவர் போனைக் கீழே இறக்கிக் காட்டினார். வெள்ளைத் துணிக்கு வெளியே இரண்டு பாதங்கள், திரையின் அடிப்பக்கத்தில். அவள் கும்பிட்டுவிட்டு விரலால் அந்தப் பாதங்களைத் தொட்டாள். தொட்டதும் அழைப்பு அறுந்துவிட்டது. தொட்ட இடத்தில்தான் அழைப்பை நிறுத்தும் பொத்தான் இருந்தது.

மறுபடி இணைப்புக் கிடைக்க இருபது நிமிடம் ஆனது. அதற்குள் தூக்கிவிட்டார்கள். வெறும் வாசலும், நனைந்த பந்தலும், யாரோ வாளியில் தண்ணீர் ஊற்றுவதும் தெரிந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவரும் போனை அணைக்கவில்லை. நான் சுவரோரமாக நின்றேன். அவள் பக்கத்தில் போய் உட்கார எனக்குத் தைரியம் இல்லை.

கார்த்திகை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அலுவலகத்திலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். "அம்மா, நீங்க நடையா நடந்தது வீண் போகலீங்க. விசாரணை முடிஞ்சு, எக்ஸிட் பர்மிட் ஆர்டரும் வந்திருச்சுங்க. அந்தக்காகிட்ட நீங்களே சொல்லுங்க, சந்தோசப்படுவாங்க."

அவள் அம்மா இறந்துபோனதைச் சொன்னேன். "அய்யோ" என்றாள் அந்தப் பெண். பிறகு அவளுக்கே சங்கடமாகி, மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். உத்தரவு வந்துவிட்டதால், குறிப்பிட்ட நாளுக்குள் அவள் போயாக வேண்டும். போகவில்லை என்றால் அதை எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால், போய்விட்டதாகக் கொண்டு பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். "ஒரு மனு எழுதி வாங்கிட்டு வந்துருங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

வெள்ளைத் தாள் இரண்டும் ஒரு பேனாவும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உத்தரவு வந்த செய்தியைச் சொன்னதும் கையில் இருந்த துணியைப் பிழிந்து முடித்துவிட்டுத்தான் திரும்பினாள். உள்ளே போய்ப் பாயை விரித்தாள். அவள் போகப்போகிறாளா என்று நான் கேட்கவில்லை. போய் யாரைப் பார்ப்பது?

அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதினேன். எனக்கு வழங்கப்பட்ட வெளியேறும் அனுமதியை நான் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அதுவரை பேனா நிற்காமல் ஓடியது. அடுத்து காரணம் சொல்ல வேண்டும். நான் 'என் தாயார்' என்று ஆரம்பித்தேன்.

"அதை எழுத வேண்டாம் அக்கா."

"ஏனுங்க?"

"அம்மா செத்தது எண்டு எழுதினா அதுக்குச் சான்றிதழ் கேப்பினம். அது அங்கயிருந்து வர வேணும். அது வருமட்டும் என்ர பேரைத் திரும்பவும் நிப்பாட்டி வைப்பினம்."

ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. இருபது மாதத்தில் அவள் என்னைவிட நன்றாக அலுவலகத்தைப் படித்திருந்தாள்.

"பின்ன என்னன்னுங்க எழுதறது?"

"போக விருப்பமில்லை எண்டு எழுதுங்கோ."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதுங்கோ அக்கா, நேரமாகுது" என்றாள்.

முதல் தாளைக் கிழித்துப்போட்டு இரண்டாவது தாளில் முதலிலிருந்து எழுதினேன். என் தாயகம் திரும்ப எனக்கு விருப்பமில்லை. முத்து முத்தாக விழுந்தது, என் கையெழுத்து எப்போதும் அப்படித்தான். அவள் வாங்கி, எழுத்துக் கூட்டி ஒரு தடவை படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் முகாமுக்காக நான் எழுதிக் கொடுத்த மனுக்களில், கேள்வி எதுவும் இல்லாமல் ஒரே நாளில் ஏற்கப்பட்டது அது ஒன்றுதான்.